நாலாவது மைக்

நாலாவது மைக்கின் ஒயரை ரோசரியே பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்திருந்தாள். அப்படியிருந்தும் மிக்ஸரில் அந்த மைக்குக்கு உரிய பச்சை விளக்கு எரிந்தது. யாராவது பாடினால் துள்ளுமே, அப்படி இல்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. தூங்குகிறவர்களின் நெஞ்சு போல.

"அஜித், இதப் பாரு."

கீபோர்டு வாசிக்கும் அஜித் எட்டிப் பார்த்தான். ஷிப்ட் முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்திருந்தான். சட்டையில் இன்னும் எண்ணெய் வாடை. "ஈரம் எறங்கியிருக்கும்க்கா. இல்லன்னா வியாகுலம் அக்கா மோட்சத்துலேர்ந்து பயிற்சிக்கு வந்துட்டாங்க."

"வாய மூடிக்கிட்டு சுருதியப் புடி."

பாடகர் குழுவே சிரித்தது. ரோசரியும் சிரித்துவிட்டுப் பாடத் தொடங்கினாள். திருவெறும்பூரில் தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய சின்னக் கோயில் அது. சாயங்கால மழையின் ஈரமும், அணைத்த மெழுகுவர்த்தியின் புகையும், பீடத்தில் வாடிக்கொண்டிருந்த சம்பங்கியும் கலந்து கனத்துக் கிடந்த அந்தக் காற்றில் அவள் குரல் எப்போதும்போல ஏறிப் போயிற்று. ஆனால் அதன் அடியில் இன்னொன்று வந்தது. அரைத் தாளம் பிந்தி, முடிகிற இடத்தில் நடுங்கி.

அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும்.

வியாகுலமேரி முப்பது வருஷமாக இந்தக் குழுவில் பாடியவர். வயதாக ஆகக் குரல் ஆடியது. அவரை விலகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ரோசரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவருக்கென்று ஒரு மைக்கை வைத்து, அதன் சத்தத்தை மிக்ஸரில் அடியோடு இறக்கிவிட்டாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, செத்த மைக்கில் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து யூடியூபில் கிறிஸ்துமஸ் பூசை பார்த்த மகன்தான், "அம்மா, ஒன் வாய்தான் அசையுது, கொரலே கேக்கலையே" என்று போனில் கேட்டான்.

வியாகுலமேரி கோயில் வாசலில் மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் ரோசரியை நிறுத்தினார். "எத்தன நாளா?"

"ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா..."

"ஆண்டவருக்குத்தான் பாடறேன்னு நெனச்சிருந்தேன். இல்லடி. நாலு பேரு கேக்கணும்னுதான் பாடியிருக்கேன். அத இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்." அவர் அழவில்லை. "மைக்க நீயே வச்சுக்க. எனக்கு சபையில உக்காந்து ஜனங்களோட பாடறது போதும்."

தவக்காலத்தில், அறுபத்தெட்டாவது வயதில், இறந்துபோனார். அடக்கத்துக்கு ரோசரி அருமையாகப் பாடினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு நெஞ்சில் வந்தது துக்கமல்ல, ஒரு விசாலம். கட்டில் ஒன்றை வெளியே தூக்கிப் போட்டபின் அறையில் வருமே, அது. அதில் தவறிருப்பதாக அவளுக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டாள். மறுநாள் ஜெனிட்டாவுக்குப் புது நன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிற குழந்தை வெள்ளைக் கவுனைக் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசரி மறுபடி கூப்பிட்டாள். திரும்பவில்லை. தோளைத் தொட்டபோதுதான் துள்ளினாள்.

"ஏம்மா சத்தமில்லாம வர்ற?"

கணவன் இருதயநாதன் அடுக்களையிலிருந்து சிரித்தான். "தொண்ட கட்டிக்கிச்சா? பனங்கல்கண்டு போட்டுப் பால் தரட்டுமா? நாளைக்கு நீ பாடலன்னா பூசையே நடக்காதே."

கேலிதான். ஆனால் உண்மையும் அதுதான். அவள் பாட ஆரம்பித்த பிறகு சபை வாயை மூடிக்கொண்டது. ஜனங்கள் கைகட்டிக் கேட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

ஞாயிறு காலை வெயில் சன்னல் வழியே பளீரென்று விழுந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத வெளிச்சம். முன்வரிசையில் வெள்ளைக் கவுனும் பூமுடியுமாகப் பிள்ளைகள். வருகைப் பாட்டை ரோசரி தொடங்க, முதல் அடியிலேயே சபை சேர்ந்துகொண்டது. பின்வரிசை ஆண்கள்கூட. ஃபாதர் முகம் மலர்ந்தது. ரோசரி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அரைத் தாளம் பிந்திப் பாடினார்கள். எல்லோர் குரலும் முடிகிற இடத்தில் நடுங்கியது.

நற்கருணைப் பாட்டு வந்தது. கடைசி ஆள் வாங்கும்வரை பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஃபாதர் மீதி நற்கருணையை வைத்துப் பேழையைச் சாத்தியதும் ரோசரி ஒரு முறை இழுத்து மெதுவாகப் பாடினால், முடிந்தது என்று சபைக்குத் தெரியும். அவள் குரல் கேட்டால்தான் பாட்டை நிறுத்துவார்கள். அது பழக்கம்.

பிள்ளைகள் வாங்கினார்கள். பெரியவர்கள் வாங்கினார்கள். பேழை சாத்தியாயிற்று.

ரோசரி இழுத்துப் பாடினாள்.

சபை மறுபடி பல்லவியை எடுத்தது.

இன்னும் உரக்கப் பாடினாள். தொண்டை அதிர்வது விரலுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. மிக்ஸரில் அவள் மைக்கின் விளக்கு அணைந்து கிடந்தது. குமிழை மேலே தள்ளினாள், தள்ளினாள், நகம் ஒடிந்தது.

"அஜித், நிறுத்து!"

அதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் விரல்கள் கீபோர்டை விட்டு விலகியிருந்தன. வாத்தியம் ஓய்ந்தது. பாட்டு ஓயவில்லை. அஜித்தும் பாடிக்கொண்டிருந்தான், கண் பிதுங்க. பீடத்தில் ஃபாதரும் பாடிக்கொண்டிருந்தார்.

யாரும் மூச்சு வாங்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. அடிக்கும் அடிக்கும் இடையே இடைவெளியே இல்லை. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. பெரியவர் ஒருவர் பெஞ்சில் சரிந்தார். சரிந்தும் பாடினார். இருதயநாதன் தன் வாயை இரண்டு கையாலும் பொத்தினான். விரலிடுக்கில் நடுங்கி நடுங்கிப் பாட்டு வந்தது.

கைகளை உயர்த்தினாள். வீசினாள். மேடையிலிருந்து குதித்து ஓடினாள். கணவனை அறைந்தாள். தலை ஆடியது. சுருதி ஆடவில்லை.

ஜெனிட்டா.

முழங்காலிட்டு அவள் முகத்தைப் பற்றினாள். ஜில்லென்றிருந்தது. உதடு நீலம். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைக் கவுனில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் குழந்தையுடையவை. அவை அம்மாவின் வாயையே பார்த்தன. சொல்லும்மா. நிறுத்தச் சொல்லும்மா.

ரோசரி கத்தினாள்.

கத்தினாள்.

ஒன்பது வயதுத் தொண்டை, அறுபத்தெட்டு வயதின் நடுக்கத்தோடு, நிதானமாக, கொஞ்சமும் அவசரமில்லாமல், பல்லவியை முதலிலிருந்து எடுத்தது.