வெள்ளைக் களிமண்

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பழைய பண்ணை வீட்டுக்கு, 1986 நவம்பரில், சபாரத்தினமும் யோகமலரும் கைக்குழந்தையோடு குடிவந்தார்கள்.

வீட்டுக்காரர் நீல்ஸ் முற்றத்துக் கல்லைப் பெருமையோடு காட்டினார். அந்த மாவட்டத்தைத் தோற்றுவித்த நிலக்கிழாரின் பெயர் அதில் வெட்டியிருந்தது. முன்பு இங்கே எல்லாம் அமிலம் ஏறிப் புளித்த மணல். புதரைத் தவிர வேறெதுவும் முளைக்காது. ஆழத்தில் சுண்ணாம்பு கலந்த வெள்ளைக் களிமண் கிடந்தது. அதைத் தோண்டிப் பரப்பினால் மணலின் புளிப்பு முறியும், தானியம் விளையும். அப்படித்தான் வயல் வந்தது. வயலுக்குப் பாதை, பாதையோரம் தேவாலயம், பிறகு மாவட்டம்.

ஒருமுறை களிமண் குழியொன்று, உள்ளே வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்களோடு இடிந்தது. விதைப்புப் பிந்திவிடும் என்று நிலக்கிழார் அவர்களைத் தோண்டி எடுக்கவில்லை. மேலே மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார்.

இதையும் நீல்ஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எங்கட ஊரிலயும் ஆமிக்காரர் இப்பிடித்தான் சனத்தை மூடினவங்கள்," என்றான் சபாரத்தினம், தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீறு முடிந்திருந்தது. வீட்டின் பின்மேட்டில் வெள்ளை மண்ணைக் கண்டு, அள்ளி உலர்த்தி, துணியில் அரித்துத் தகரப் பேணியில் போட்டான். மூன்று விரலால் தன் நெற்றியில் பூசினான். குளித்த பிள்ளைக்கும் பூசினான்.

"கண்ட மண்ணையும் பிள்ளையில தேய்க்கிறியள்," என்றாள் யோகமலர்.

"சாமிக்கு டென்மார்க் மண் ஒத்துவராதோ? சும்மா இருமப்பா."

விளக்கு வைக்கும் நேரம், வீடெங்கும் ஈரமண் மணத்தது. தொட்டிலில் பிள்ளை மூச்சுத் திணறியது. யோகமலர் நெற்றியைத் துடைத்தாள். குறி அழியவில்லை.

"இஞ்ச பாருங்கோ," என்றாள். "நீங்கள் மூண்டு விரலாலதானே பூசினீங்கள்?"

நான்கு கோடுகள் இருந்தன.

பின்பக்கம் மண்வெட்டி விழும் ஓசை.

மேட்டின் மேலே அல்ல. அடியில்.

"அந்தக் குழி... இந்த மேடுதான்," என்றாள் அவள்.

ஓசை வேகமானது. ஒவ்வொரு வெட்டிலும் கோபம். பிள்ளையின் உதடு நீலமானது.

சபாரத்தினம் கோடாலியோடு முற்றத்துக் கல்லை நோக்கி ஓடினான்.

"வெட்டினது அவங்கள்! பேர் மட்டும் உனக்கோ?"

கடைசி எழுத்தும் சிதறும்வரை கல்லைக் கொத்தினான். கைத்தோல் கிழிந்தது. அவன் நிறுத்தவில்லை.

ஓசை அடங்கியது. உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது.

விடிந்ததும் போய்ப் பார்த்தான். பெயர் இருந்த இடமெங்கும் வெள்ளைக் கைத்தடங்கள். பெரியவை, காய்ப்பேறியவை.

எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு சின்னஞ்சிறு உள்ளங்கை.

தொட்டிலில் பிள்ளை நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. இறுக மூடியிருந்த அதன் கையை யோகமலர் மெல்ல விரித்தாள்.

உள்ளே வெள்ளைக் களிமண். இன்னும் ஈரமாக.