முத்திரை ஒட்டிய பூசணிக்காய்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்தாகிவிட்டது. இனி நீங்கள் தாராளமாகக் காதைக் கொடுக்கலாம்.

ஒரு தெருவில் குண்டூசி என்றொரு சிறுமி இருந்தாள். யார் புளுகினாலும் சரியான இடத்தில் குத்துவாள் என்பதால் அந்தப் பெயர்.

அவளுடைய அக்காவுக்கு, வண்டியில் போய்ப் பார்சல் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் சேர வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் வண்டியைத் தொடவே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இருவரும் ஹெல்மெட் கடைக்குப் போனார்கள். பளபளவென்று சிவப்பாக இருந்த ஒன்றை அக்கா எடுத்தாள். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டிக்கர் சுருள். அதிலிருந்து அரசாங்கத் தரமுத்திரை ஒன்றைக் கிழித்து ஹெல்மெட்டின் பின்னால் ஒட்டினார்.

குண்டூசிக்கு மூக்கு வியர்த்தது. ஓங்கி மோதி, பட்டையை இழுத்து, தாங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் அந்த முத்திரை விழும் என்று பள்ளியில் படித்திருந்தாள்.

“மாமா, இதை யாரு சோதிச்சுப் பார்த்தது?”

“நான்தான். இப்போதான் தூசி தட்டினேனே, பார்க்கலையா?”

அக்கா பணத்தைக் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கும் ஒரு முத்திரை வேண்டும் என்று குண்டூசி அடம்பிடித்தாள். சின்னப் பெண்தானே என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது.

அன்று மாலை, கடைக்கு எதிர்வீட்டு மொட்டைமாடியில் குண்டூசி நின்றாள். ஒரு கையில் சிவப்பு ஹெல்மெட். இன்னொரு கையில் முத்திரை ஒட்டிய பூசணிக்காய். அரசாங்கமே சோதித்த பூசணிக்காய் ஹெல்மெட் வந்திருக்கிறது என்று தெருவுக்கே அறிவித்தாள். கூட்டம் கூடிவிட்டது.

கடைக்காரர் ஓடிவந்தார். “காய்ல போய் முத்திரை ஒட்டுறியே, இது மோசடி இல்லையா?”

“உங்க சுருள்ல கிழிச்சதுதான் மாமா. நீங்க ஒட்டினா நிஜம், நான் ஒட்டினா மோசடியா?”

கூட்டம் சிரித்தது. அக்காவுக்கு மட்டும் அழுகை முட்டியது. “கீழ இறங்குடி. அது உடைஞ்சா என் வேலை போயிடும்.”

“உடையலைன்னா உன் கால்ல விழறேன். உடைஞ்சா உன் தலை மிச்சம்.”

சொன்னவள் இரண்டையும் கீழே போட்டாள்.

ஹெல்மெட் முட்டை ஓடுபோல நொறுங்கியது. பூசணிக்காயோ எகிறிக் குதித்து, கடைப் பலகையை ஒரு இடி இடித்து, உருண்டு, தெருமுனையில் சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்று, பச்சை விழுந்ததும் சாலையைக் கடந்து, தரச்சோதனை அலுவலக வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கிருந்த அதிகாரியம்மா தேநீரைக் கீழே வைத்துவிட்டு முத்திரையை உற்றுப் பார்த்தார். எந்தக் காய்க்கும் நாங்கள் முத்திரை கொடுத்ததாக நினைவில்லையே என்றார். பூசணிக்காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார்.

பூசணிக்காய் பொய் சொல்கிறது என்று கடைக்காரர் சாதித்துப் பார்த்தார். இழுப்பறை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சுருளும் போனது, போலி ஹெல்மெட்டுகளும் போயின. நிஜமாகவே சோதித்த ஹெல்மெட் ஒன்றைப் பக்கத்து ஊர்வரை போய் வாங்கிவந்து, அவரே அக்காவின் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை அக்கா அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். குண்டூசி அதன்மேல் நங்கென்று ஒரு குட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தத் தெருவில் மாடி வீடே கிடையாது.