வேலியில் காத்திருந்த எழுத்துகள்

“எக்கா, நான் வராத அன்னைக்குப் போன எழுத்தெல்லாம் எங்க போவும்?”

வாய்க்கால் கரையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்த தாணம்மாளை நிறுத்தி, இசக்கி ஒருநாள் இப்படிக் கேட்டாள்.

தாணம்மாளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. இசக்கிக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. அதுவும் பாதி ஒன்றாம் வகுப்புதான்.

இசக்கியின் அப்பா மலைத்தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அம்மா பகவதி தினமும் வயலில் களை பறிக்கப் போவாள். அப்போது ஒரு வயதுத் தம்பி குமாரதாசை யார் பார்ப்பது? ஒருநாள் இசக்கி. மறுநாள் மூன்றாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் வைகுண்டராஜன். ஒருவர் பள்ளிக்கூடம் போனால், மற்றவர் வாய்க்கால் ஓரத்துப் பூவரசு மரத்தடியில் தம்பியோடு உட்கார்ந்திருப்பார். வீட்டின் கஷ்டத்தை அந்த அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகத்தான் பங்கு வைத்திருந்தாள்.

ஒன்றாம் வகுப்பில் ஏசுஅடிமை சார் தரையில் ஆற்றுமணலைப் பரப்பி, விரலால் எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்த எழுத்து. இசக்கி ‘இ’ எழுதிவிட்டு வருவாள். ஒருநாள் விட்டு மறுபடி போனால் மணலில் ‘உ’ இருக்கும். நடுவில் வந்த ‘ஈ’ போன இடம் தெரியாது.

“தை மாசக் கடைசில சார் எல்லா எழுத்தும் கேப்பாராம். தெரியலேன்னா இன்னும் ஒரு வருசம் ஒண்ணுலயே இருக்கணுமாம்” என்றாள் இசக்கி.

“இருந்தா என்ன?”

“அம்மா நிறுத்திருவா. நான் தம்பியைப் பாத்துக்கிடணும், அண்ணனாவது தெனமும் போட்டும்னு சொல்லுகா.”

இசக்கியின் முகம் அழுகைக்குக் கோணியதும் தாணம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. “அழாத மக்கா. நீ வராத அன்னைக்குள்ள எழுத்தை நான் கொண்டு வாரேன்” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிக் கொண்டு வருவது? அவளிடமும் ஒரே ஒரு சிலேட்டுதான் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் பூவரசு மரத்தடி மண்ணில் ‘ஈ’ எழுதிக் காட்டினாள். குமாரதாஸ் தவழ்ந்து வந்து, சரியாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அவனைத் தூக்கினால் எழுத்து இல்லை. அடுத்த முறை கரித்துண்டால் மரத்தில் எழுதினாள். ராத்திரி மழை வந்து கழுவிவிட்டது.

“சவத்து மழை!” என்றாள் தாணம்மாள்.

அப்போதுதான் அந்த மாட்டைப் பார்த்தாள். நிஜ மாடு இல்லை. வாய்க்காலை ஒட்டி நாராயணபெருமாள் மாமாவின் தென்னந்தோப்பு. அதற்கு வேலி கற்றாழை. ஒரு மடலில் யாரோ முள்ளால் மாட்டுப் படம் கீறியிருந்தார்கள். போன வருடம் கீறியது. இத்தனை மழைக்கும் கொம்புகூட அழியவில்லை.

தாணம்மாள் ஒரு முள்ளை ஒடித்து, அடுத்த மடலில் பெரிதாக ‘ஈ’ கீறினாள். கற்றாழைப் பால் பட்டு விரலெல்லாம் அரித்தது. ஆனால் மறுநாள் எழுத்து அப்படியே இருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கி அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வேலியில் ஓர் எழுத்து ஏறியது.

ஒருநாள் நாராயணபெருமாள் மாமா பார்த்துவிட்டார்.

“ஏட்டி! என் வேலியில என்ன செய்யுக?”

தாணம்மாள் முள்ளைக் கீழே போட்டாள். “இசக்கிக்கு எழுத்து, மாமா.”

அவர் ‘ஈ’யிலிருந்து ‘ஒ’ வரைக்கும் நடந்து பார்த்தார். “கொள்ளாம்! அவளுக்கு வருதோ இல்லையோ, என் வேலிக்கு எழுத்து வந்திரும். ஓரத்து மடல்ல எழுது. குருத்தைத் தொட்டா முதுகுத் தோலை உரிச்சிருவேன்!”

“உனக்கும் எழுதட்டுமாடே?” என்று தாணம்மாள் வைகுண்டராஜனைக் கேட்டாள்.

“மூணாம் வகுப்புப் பாடம் எழுதணும்னா நாகர்கோவில் வரைக்கும் வேலி வேணும்லா!” என்று அவன் சிரித்தான்.

தை முடியும்போது ஏசுஅடிமை சார் இசக்கியை எழுப்பி நிறுத்தினார். அவர் மணலில் எழுதிய எழுத்தையெல்லாம் அவள் தடுமாறாமல் சொன்னாள்.

“நீ பாதி நாள்தான வந்த? உனக்கு யாரு சொல்லித் தந்தா?”

“வேலி, சார்.”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, அவள் பெயரை இரண்டாம் வகுப்புக்கு எழுதிக்கொண்டார்.

“அய்யா உண்டு!” என்று சேதி கேட்ட பகவதி இரண்டு கையையும் தூக்கிச் சாமியைக் கும்பிட்டாள். “இதுக்கு நாங்க உனக்கு என்ன செய்யப்போறோம், மக்களே?” என்றாள் தாணம்மாளிடம். தாணம்மாள் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள்.

மாசி மாதம் தாணம்மாளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் விடும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது. அவளும் வெளியே போகக்கூடாது. பங்குனியில் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை. ஐந்தாம் வகுப்பு சார் பின்னக் கணக்குத் தொடங்கியிருந்தார்.

அவள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து விட்டத்தைப் பார்த்தாள். ‘பிள்ளையாரே, நான் போகாத அன்னைக்குள்ள கணக்கெல்லாம் எங்க போகும்?’ இசக்கியின் கேள்வி இப்போது அவளுடைய கேள்வி ஆகிவிட்டது.

பதினைந்தாம் நாள் மூன்றாம் தண்ணீர் விட்டார்கள். மறுநாள் விடிந்ததும், மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்பே தாணம்மாள் சிலேட்டோடு கிளம்பினாள். வாய்க்கால் கரையில் ஒரு ஆள்கூட இல்லை.

பழைய எழுத்துகள் முடிந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

அடுத்த மடலில் ஒரு பின்னக் கணக்கு இருந்தது. ஒன்றின்கீழ் இரண்டு, ஒன்றின்கீழ் நான்கு. பெரிய பெரிய கோணல் எண்கள். இசக்கியின் கை. அதற்கடுத்த மடலில் நெருக்கமான, அவசரக் கீறல். வைகுண்டராஜனின் கை. மறுபடி கோணல். மறுபடி நெருக்கம். ஐந்தாம் வகுப்புப் பலகையில் இருந்ததை, அர்த்தம் தெரியாமலே, ஆளுக்கு ஒருநாளாகப் பார்த்து வந்து கீறியிருந்தார்கள். பள்ளிக்கூடம் நடந்த ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை.

ஒரு மடலில், “பேசியவர்கள்: கணபதியப்பன், வைகுண்டராஜன்” என்று இருந்தது. கணக்கைப் பார்க்க ஐந்தாம் வகுப்புக்குப் போன இடத்தில், அங்கே படிக்கும் கணபதியப்பனோடு பேசி மாட்டிக்கொண்டதையும் பலகையில் இருந்தபடியே வைகுண்டராஜன் உண்மையாக எழுதி வைத்திருந்தான்! தாணம்மாள் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

வேலி நெடுக ஒரு குருத்தில்கூடக் கீறல் இல்லை. அத்தனை நாளும் அந்த நாலு கைகளும் எப்படி அரித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. தாணம்மாள் வேலியோரம் உட்கார்ந்து, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதல் மடலின் கணக்கைப் போடத் தொடங்கினாள்.