தலைக்கு எண்ணெய்

எங்கள் தெருவுக்குப் பாசிநெய் வெள்ளிக்கிழமை காலையில் வரும். வரிசையில் நின்று கருவிக்கு முகத்தைக் காட்டினால், அது வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து, அதற்கேற்ப குழாயைத் திறந்துவிடும். கடலில் மிதக்கும் மேடைகளில் வளர்க்கிற பாசியைப் பிழிந்து எடுப்பது. வந்த புதிதில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஊரே மூக்கைப் பிடித்தது. இப்போது அடிக்கிறதா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் பங்கு வந்துகொண்டிருந்தது. இருப்பது நானும் என் மனைவி மலர்க்கொடியும்தான். மூன்றாவது பங்கு எங்கள் மகன் பரிதியுடையது. அவன் அப்படியொரு பாசி மேடையில் வேலை பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய புயலில் மேடை கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களை அரசு ‘வராதவர்கள்’ என்கிறது. இறந்துவிட்டார் என்று வீட்டில் ஒருவர் ஒப்புக்கொள்ளும்வரை வராதவரின் பங்கை நிறுத்த முடியாது. அதனால் அவன் எண்ணெயும் வாராவாரம் வந்தது. அதில் தாளித்த குழம்பை நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

எனக்குத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்துக் கணக்ககத்தில் வேலை. வாசலில் ஒளிர்திரையில் பெரிய வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். இடது ஓரத்தில் கடலை, எள், சூரியகாந்தி எல்லாம் உயரத்தில் இருக்கும். வலப்பக்கம் வரவர ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். விஷயம் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரவில்கூடச் சூடு தணியாமல் போனதும் செடி பூத்தது, காய் பிடிக்கவில்லை. கொஞ்ச காலம் வெளிநாட்டில் வாங்கினோம். பிறகு அங்கேயும் காய் பிடிக்கவில்லை. கடைசியில் பாசிநெய்க் கோடு மட்டும் மேலே கிளம்பி, கொஞ்ச தூரம் போய், அதுவும் சாய ஆரம்பித்தது.

என் வேலை அந்தத் திரையின் அடியில் வரும் ஓர் எண்ணைப் போடுவது. நாட்டில் உள்ள மொத்த எண்ணெயை மொத்த ஆட்களால் வகுக்க வேண்டும். அதற்கு ‘தலைக்கு எண்ணெய்’ என்று பெயர். கல்யாணமான புதிதில் மலர்க்கொடி அதைப் படித்துவிட்டு, “அட, தலைக்குத் தேய்க்கவும் உங்க ஆபீஸ்லயே குடுப்பாங்களா?” என்று கேட்டாள். நான் அதை அலுவலகத்தில் சொல்லி, ஒரு மாதம் எல்லாரும் சிரித்தோம். அப்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

இந்த வருஷம் எண் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகப் போகிறது என்று எனக்கு முன்பே தெரியும். போனால் பள்ளிக்கூடங்களுக்கு எண்ணெய் நின்றுவிடும், பிள்ளைகளுக்கு அவித்ததுதான். மேலதிகாரி ரெஜினா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“எண்ணெயக் கூட்ட முடியுமா, அருள்?”

“முடியாது மேடம். மேடை எல்லாம் பழசாயிடுச்சு.”

“அப்போ தலையக் குறைக்கணும்.”

அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. வராதவர்களின் வீடுகளுக்கெல்லாம் காலையிலிருந்தே ஆள் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறது என்றார். ஒப்புக்கொள்கிற வீட்டுக்குக் காரியம் செய்வதற்காகக் கொஞ்சம் எள் தருவார்களாம். நிஜ எள். குளிர்க்கிடங்கில் கிடப்பது, இனி முளைக்காது என்று கைவிட்டது.

“உங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு,” என்றார். “ஊரையெல்லாம் கேட்டுட்டு நாம மட்டும் வச்சிருந்தா நல்லா இருக்காது பாருங்க.”

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன் மேடம்.”

“கேட்டா என்ன சொல்லுவாங்க?”

என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அலுவலகத்திலேயே இருந்த கருவியின் முன்னால் போய் நின்றேன், அது என் முகத்தைப் பார்த்தது. “பரிதி இறந்துவிட்டதை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று பெண் குரலில் கேட்டது. ஒப்புக்கொள்கிறேன் என்றேன். குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. சின்னப் பொட்டலம் ஒன்று வந்து விழுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். சாயங்காலத்துக்குள் மாவட்டம் மாவட்டமாகத் தலைகள் குறைந்தன. வகுத்துப் பார்த்தேன். பல வருஷத்துக்குப் பிறகு எண் ஏறியிருந்தது. யாரோ கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் கூடிவிட்டது என்ற செய்தி விடிவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டில் வாணலி வைத்துவிட்டார்கள். மலர்க்கொடி தூக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவளைத் தடுக்கவோ கூடப் போகவோ எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவள் தூக்கைத் தரையில் வைத்தாள்.

“எல்லாருக்கும் கூடியிருக்கு. நமக்குக் குறைஞ்சிருக்கு,” என்றாள்.

நான் தூக்குக்குள் எட்டிப் பார்த்தேன்.

“மிஷின் கோளாறுன்னு சண்டை போட்டேங்க. குழாயடில நிக்கிற பையன் திரையத் திருப்பிக் காட்டினான். ரெண்டு தலைன்னு போட்டிருக்கு.”

“ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நின்னு போயிடும்னு சொன்னாங்க, மலர்.”

“எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீ விட்டிருக்க மாட்ட.”

“விட்டிருக்க மாட்டேன்தான்,” என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “என்ன குடுத்தாங்க அதுக்கு?”

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அமாவாசைக்கு ஏரிப் பக்கம் போய் இறைத்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். மூன்று வருஷமாக அதைக்கூடச் செய்யாமல் அவனை அந்தரத்தில் விட்டிருக்கிறோம் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. எனக்கு உள்ளுக்குள் அந்த உறுத்தல் இருந்தது.

அவள் பிரித்துப் பார்த்தாள். கறுப்பு எள், உள்ளங்கைக் குழியில் அடங்கிவிட்டது. ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா? வேற எங்கயாவது கிடைக்குமா?”

“எங்கயும் கிடைக்காது. வீட்டுக்கு ஒரு தடவைதான்.”

“நிச்சயமா?”

“நான்தானே கணக்கு போடறேன்.”

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் எழுந்திருப்பதற்குள் மொத்தத்தையும் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்துவிட்டாள். அவசரப்படவில்லை, நிதானமாக மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமல் மென்றாள். விழுங்கிவிட்டு உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டையும் நக்கினாள்.

“இனிமே எதை இறைப்பீங்க?” என்றாள். “எள்ளு இல்ல. காரியம் இல்ல. உங்க கணக்குல அவன் செத்தாச்சு. எனக்கு அவன் வரல, அவ்வளவுதான்.”

பச்சை எள் நசுங்கிய வாசனை அவள் வாயிலிருந்து வந்தது. சின்ன வயதுக்குப் பிறகு நான் முகர்ந்ததே இல்லை. என் பிள்ளைக்கு இனி எள்ளும் தண்ணீரும்கூட இல்லை என்று நன்றாகப் புரிந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன்.

வாயில் எச்சில்தான் ஊறியது.