எத்தனை பேர்?

நான்கு பேர் என்று விரல் காட்டிய குடும்பம், படத்தின் கடைசியில் ஐந்து கைகளை அசைத்தது.

நிவேஸ் படத்தை நிறுத்திவிட்டுப் பின்னுக்கு ஓட்டி மறுபடி எண்ணினாள். அப்பா, அம்மா, பெரிய பையன், முன்பல் விழுந்த சின்னவன். அவர்களுக்கு ஓரமாக, கம்பியை ஒட்டி, மஞ்சள் நீச்சல் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை. ஆறு வயது இருக்கும். முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் கையை விரித்து அசைத்தார்கள், அவள் ஒற்றை விரலை மட்டும் நீட்டி அசைத்தாள். வேறு வீட்டுப் பிள்ளை குறுக்கே வந்து நின்றிருக்கும் என்று நிவேஸ் அந்த நான்கு வினாடியை வெட்டி எடுத்தாள். அது ஏப்ரல் மாதம். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

டானிட்சா கப்பலில் படக்குழு என்றால் மூன்றே பேர். கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே வெயிலில் அலைவதற்கு இரண்டு பேர், கீழே உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதற்கு நிவேஸ். விடுமுறைக்கு வரும் குடும்பங்களை ஒரு வாரம் துரத்தித் துரத்திப் படமெடுத்து, இறங்கும் நாளில் ஆளுக்கொரு படமாகக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நானூறு குடும்பம், எண்ணூறு பிள்ளைகள். இதில் எந்தப் பிள்ளை யாருடையது என்று எந்தக் கடவுளுக்குத் தெரியும்? அதனால் ஏறும்போதே, கரையிலிருந்து கப்பலுக்குப் போடும் பாலத்தின் முனையில் நிறுத்தி மூன்று கேள்வி கேட்டுப் படமெடுப்பது வழக்கம். பெயர், அறை எண், எத்தனை பேர். எத்தனை பேர் என்பதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். மொழி புரியாவிட்டாலும் விரல் புரியும்.

குழுத் தலைவர் ஃப்ரானே, விஸ் தீவுக்காரர். முப்பது வருடமாகக் கடலில் இருப்பவர். முதல் நாளே அவளுக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

"ஒரு வீட்டுப் படத்துல அந்த வீட்டு ஆளுங்க மட்டும்தான். ஊரான் பிள்ளை மூக்க நீட்டினாலும் வெட்டிடு. ஆனா எதையும் அழிக்கக் கூடாது. சீசன் முடியிறவரைக்கும் எல்லாம் இருக்கணும், எவனாவது சண்டைக்கு வருவான்."

"வெட்டினத எங்க வைக்கிறது? அறை எண் போடாம மிஷின் வாங்க மாட்டேங்குதே."

"உன் அறை எண்ணைப் போடு. உனக்கு முன்னாடி இருந்தவன், அவனுக்கு முன்னாடி இருந்தவன், எல்லாரும் அப்படித்தான். இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?"

அவள் அறை எண் இருநூற்றுப் பதினான்கு. அந்த நான்கு வினாடியை அங்கே தள்ளினாள்.

ஜூன் மாதம் அதே அறை எண்ணில் அவளுடைய சொந்தப் படமும் வந்து சேர்ந்தது. ஊழியர்களின் குடும்பம் சீசனுக்கு ஒருமுறை மூன்று நாள் கப்பலில் வரலாம். தங்கை டிங்கா, நிவேஸின் மகள் லவோர்காவை அழைத்துக்கொண்டு பாரி துறைமுகத்தில் ஏறினாள். பாலத்தின் முனையில் லவோர்கா, அம்மா சொல்லிக்கொடுத்தபடி, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"லவோர்கா! இருநூத்திப் பதினாலு! ரெண்டு பேர்!" இரண்டு விரல். அம்மாவும் தானும்.

"அப்ப நான் யாருடி, பெட்டி தூக்கியா?" என்றாள் டிங்கா. ஃப்ரானே சிரித்ததில் கேமரா ஆடியது.

கப்பலில் ஏறும் பிள்ளைகள் எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டுவார்கள். ஆபத்து என்றால் எந்தப் படகுக்கு ஓட வேண்டும் என்ற எழுத்து அதில் இருக்கும். லவோர்காவுக்கு 'D'. ஊருக்குப் போன பிறகும் அவள் அதைக் கழற்றவில்லை, குளிக்கும்போதுகூட விடவில்லை. அம்மா வந்துதான் வெட்ட வேண்டுமாம். அதைக் கேட்டபோது நிவேஸுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாட்கள் நீளமாகின. வெட்டும் அறை நீர்மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாமல், ஒரு மனிதர் கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடும் அகலத்தில் இருந்தது. மேலே எங்கோ நீச்சல் குளத்தில் பிள்ளைகள் போடும் கூச்சல் குழாய்கள் வழியாக இறங்கி, கீழே வந்து சேரும்போது யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிடுவது போலக் கேட்கும். நாள் முழுக்க ஊரார் குடும்பங்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மதியம் ஊழியர் கூடத்தில் ஆறிப்போன பீன்ஸும் மக்ரோனியும் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, லவோர்கா வந்த தன் பதினொரு நிமிடப் படத்தை ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். தொலைபேசியில் லவோர்கா நின்று பேச மாட்டாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். ஆறு வயதுக்குக் கோபத்தை வேறு எப்படிக் காட்டத் தெரியும்?

மஞ்சள் சட்டைக்காரி மட்டும் வாரம் தவறாமல் வந்தாள்.

பயணிகள் மாறினார்கள். அவள் மாறவில்லை. ஒரு செக் குடும்பத்தின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால், ஒரு போலந்துக்காரர் தன் இரட்டையரைத் தண்ணீரில் தூக்கிப் போடும்போது அவர் முழங்கைக்குக் கீழே, ஒரு தாத்தா ஐஸ்கிரீமை நழுவவிடும்போது அவர் நாற்காலிக்கு அந்தப் பக்கம். எப்போதும் ஈர முடி. எப்போதும் ஒற்றை விரல். நிவேஸ் ஃப்ரானேயைக் கேட்டுப் பார்த்தாள்.

"மஞ்சள் சட்டையா? கீழ்க் கடையில விக்கிறாம்மா. எண்பது பிள்ளைங்க போட்டிருக்கும். நீ கொஞ்சம் மேல வந்து வெயில்ல நில்லு. ஜாடிக்குள்ள போட்ட முட்டைக்கோஸ் மாதிரி வெளுத்துட்ட."

ஆனால் அந்தக் குழந்தையின் மணிக்கட்டில் பட்டை இல்லை. பட்டை இல்லாத பிள்ளையைத் தளத்துக்கே விட மாட்டார்கள். நிவேஸ் அதைக் கவனித்தாள். பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். யார் இவள், இவளைத் தேட யாருமே இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரான் பிள்ளை, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மூன்று வினாடி, நான்கு வினாடி என்று வெட்டி வெட்டி இருநூற்றுப் பதினான்கில் தள்ளினாள்.

ஆகஸ்டில் மஞ்சள் சட்டைக்காரி கேமராவுக்கு நெருங்கி வந்திருந்தாள். செப்டம்பரில் வெட்டும் அறைக்குள் குளோரின் வாடை வந்தது. தரை விரிப்பில், நாற்காலிக்குப் பின்னால், இரண்டு ஈரத் திட்டுகள். குழாய் ஒழுகுகிறது என்று ஆள் அனுப்பச் சொன்னாள். வந்தவன் சுவரைத் தட்டி, கூரையைத் தட்டி, எல்லாம் சருகு போலக் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்டோபரில் நிவேஸின் கடைசிப் பயணம் வந்தது. மறுநாள் காலை தன் ஊர்ப்பக்கத்து ஸ்பிளிட் துறைமுகத்தில் அவள் இறங்கிவிடுவாள், கப்பல் திரியெஸ்தே துறைமுகம் வரை போகும். அங்கிருந்து புது ஆள் வருகிறானாம். மதியம் மூன்று மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டு, தன் பதினொரு நிமிடத்தை ஊருக்கு எடுத்துப்போக இருநூற்றுப் பதினான்கைத் திறந்தாள்.

பதினொரு நிமிடம் இல்லை. நாற்பது நிமிடம் இருந்தது.

ஆறு மாதம் வெட்டியதெல்லாம் சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஓடவிட்டாள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, யாரோ பொறுமையாக உட்கார்ந்து தொகுத்தது போல ஓடின. கம்பி ஓரம். குளத்தின் படி. நீலக் கம்பளம் விரித்த நடை. பிறகு ஊழியர்களுக்கு மட்டுமான இரும்புக் கதவு, குறுகிய படிக்கட்டு, கீழே, இன்னும் கீழே. அங்கெல்லாம் யாரும் படமெடுப்பதில்லை. படத்தில் இப்போது குழந்தையும் இல்லை. கேமரா மட்டும் நடந்தது. இடுப்பளவு உயரத்தில். ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

ஒரு கதவு. இந்த அறையின் கதவு.

நாற்காலி. அதில் ஒரு பெண்ணின் முதுகு. கொண்டை. கொண்டையில் செருகிய பென்சில்.

நிவேஸ் கையைப் பின்னுக்குக் கொண்டுபோனாள். பென்சில் இருந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையில் வெளிச்சம் மாறியது. ஜூன் மாத வெயில், பாரி துறைமுகம், பாலத்தின் முனை. சிரிக்கும் டிங்கா. அவள் பக்கத்தில் மஞ்சள் நீச்சல் சட்டை. மணிக்கட்டில் 'D'.

"லவோர்கா," என்றது குழந்தை. லவோர்காவின் குரல். "இருநூத்திப் பதினாலு. ரெண்டு பேர்."

இரண்டு விரல்.

"அப்ப நான் யாருடி, பெட்டி தூக்கியா?" என்றாள் டிங்கா. கேமரா ஆடியது.

லவோர்கா எங்கும் இல்லை. பதினொரு நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. நிவேஸ் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். சீசன் முடியும் முன் எதையும் அழிக்க முடியாது என்று மிஷின் மரியாதையாகச் சொன்னது.

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடி, ஊழியர் தொலைபேசியில் ஊருக்கு அழைத்தாள். ஐந்தாவது மணியில் டிங்கா எடுத்தாள்.

"லவோர்கா எங்கடி?"

"இங்கதான் உக்காந்திருக்கா. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? இந்தா, அவளே கேக்குறா, பேசு."

"அம்மா, நாளைக்கு வந்துடுவ இல்ல?"

அதே குரல். நிவேஸ் சுவரில் சாய்ந்து அழுதாள். வந்துடுவேன் கண்ணு, வந்துடுவேன் என்று எத்தனை முறை சொன்னாளோ. பைத்தியம் பிடிக்கிற அறை அது, பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. ஆறு மாதத்தில் முதல் முறையாகக் குழந்தை தானாக வந்து பேசியிருக்கிறாள், அது போதும்.

டிங்கா மறுபடி வாங்கினாள். "காலையில நேரத்துக்கு வந்துடுறோம்க்கா. ஆனா இவளுக்கு என்னன்னே தெரியல. மூணு மணியிலேர்ந்து துடைக்கிறேன், தலை காயவே மாட்டேங்குது."

காலை வெயில் பளிச்சென்று இருந்தது. பாலத்தின் முனையில் காவலர் அவள் அட்டையை வாங்கி ஓட்டை போட்டார். "அவ்வளவுதான், இனிமே நீங்க கப்பலுக்கு அந்நியம்," என்று சிரித்தார். ஃப்ரானே கன்னத்தில் முத்தமிட்டு, வெயிலில் நின்று நிறம் ஏறிய பிறகு படம் அனுப்பச் சொல்லிவிட்டுக் கேமராவோடு பின்தளத்துக்குப் போனார். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது குடும்பங்கள் கையசைப்பதை எடுக்க வேண்டும். அதுதான் எல்லாப் படத்துக்கும் கடைசிக் காட்சி.

கீழே டிங்கா நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லவோர்காவின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஆறு மாதமாக நான்கு நான்கு வினாடியாகப் பார்த்துப் பழகிய முகம்.

"அம்மா!" என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"என்னக்கா மரம் மாதிரி நிக்கிற? பொண்ணத் தூக்கு. நேத்தே பட்டைய வெட்டணும்னு குதிச்சா," என்றாள் டிங்கா.

நிவேஸின் விரல்களுக்குள் அந்தக் கை நுழைந்தது. சில்லிட்டிருந்தது. நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததைப் போல விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. மணிக்கட்டில் வெளுத்துப்போன 'D'.

மேலே சங்கு ஊதியது.

பாலத்தை இழுத்துவிட்டார்கள். நிவேஸ் ஓடினாள், கத்தினாள். ஓட்டை போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. பின்தளத்தில் குடும்பம் குடும்பமாக நின்று கையசைத்தார்கள். ஃப்ரானே கம்பி நெடுகக் கேமராவை மெல்ல நகர்த்தி வந்தார். கடைசிக் குடும்பத்துக்கு அப்பால், ஓரத்தில், மஞ்சள் நீச்சல் சட்டையில் ஒரு குழந்தை நின்றது. கேமரா அதன்மேல் வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது.

மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா சொல்லிக்கொடுத்தபடியே நெஞ்சை நிமிர்த்தி நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து மூடி, கேட்காத தூரத்திலிருந்து லவோர்கா தன் பெயரைச் சொன்னாள். அறை எண்ணைச் சொன்னாள்.

பிறகு ஒரு விரலை நீட்டினாள்.