நுரைமேட்டில் ஒரு நட்சத்திரம்

வணக்கம் வைத்து யாரும் கெட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. தீர்த்தகிரி வைத்த வணக்கத்தில் ஓர் உணவகம் இடிந்தது.

நடந்தது இவ்வளவுதான். நுரைமேட்டில் எங்கே சாப்பிட்டாலும், கை கழுவியதும் வாசலில் இருக்கும் மெச்சுப்பலகையில் விரலால் தட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு நட்சத்திரம். எல்லோரும் ஐந்து தட்டுவார்கள், கதவு திறக்கும். தீர்த்தகிரியும் ஐந்து தட்டத்தான் போனார். முதல் தட்டு தட்டும்போது, செண்பகா மெஸ்ஸின் சமையலி அடுப்படியிலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டார். இயந்திரம்தான். ஆனாலும் பரிமாறிய கை. பார்த்தும் பார்க்காததுபோலப் போனால் நன்றாகவா இருக்கும்? இரண்டு கைகளையும் கூப்பி, இடுப்பை வளைத்து, ஒரு முழு வணக்கம் வைத்தார். நிமிர்வதற்குள் இரண்டு விநாடி ஓடிவிட்டது. அடுத்த தட்டுக்குப் பலகை காத்திருப்பது அவ்வளவுதான்.

"ஒன்று. நன்றி," என்றது பலகை.

கீழே படகுத்துறையில் சங்கு ஊதியது.

"படகு கிளம்புது போல," என்றார் தீர்த்தகிரி, மனைவி பூங்காவனத்திடம்.

தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினார்கள். அப்போதுதான் அவர் வாயைப் பொத்தினார். அதில் சாப்பாட்டின் பங்கும் இருந்தது.

கடல் ஏறி வந்து, மலையடிவாரத்து ஊர்களையெல்லாம் விழுங்கி, மூன்று பக்கமும் அலையடிக்க மிச்சம் விட்டுவைத்த மேடுதான் நுரைமேடு. மேலிருந்து கீழ்வரை படிக்கட்டுத் தெருக்கள். படிக்குப் படி உணவகம், மொத்தம் நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்தொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். ஒன்று வாங்கினால் அந்த இடத்தையே இடித்துவிடுவது என்று ஊர் விருந்தோம்பல் வாரியம் எந்தக் காலத்திலோ ஒரு விதி போட்டிருந்தது. சுற்றுலா வந்த இடத்தில் அந்தப் பாவம் நமக்கெதற்கு என்று எல்லோரும் ஐந்து தட்டினார்கள். இரண்டும் மூன்றும் நான்கும் பலகையில் இருந்தன. சும்மா இருந்தன.

எல்லாமே ஐந்து என்றால், வந்தவர் எங்கே நுழைவது? அதற்குத்தான் அழைப்பான்கள். வசதியுள்ள ஒவ்வோர் உணவகத்துக்கும் ஓர் இரும்பு அழைப்பான். படகை விட்டு இறங்கியவரைப் பார்த்ததும் பத்துப் பதினைந்து ஓடி வரும். "வாங்க வாங்க" என்று நான்கு முறை சொல்லும். ஐந்தாவது முறை பக்கத்து அழைப்பானின் கையைப் பிடுங்கும். கடைசியில் எது நிற்கிறதோ அதன் பின்னால் போய்ச் சாப்பிட வேண்டியது. இயந்திரம் மனிதரை அடிக்கக் கூடாது என்பது சட்டம். தெறிக்கிற திருகாணிக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பதால் படகுத்துறையிலேயே ஹெல்மெட் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் ஒரு வண்டி வந்து கைகால்களைப் பொறுக்கிப் போகும். குப்பை வண்டி மாதிரி அதற்கும் ஒரு மணி உண்டு.

அன்று காலை வந்து இறங்கியதுமே தீர்த்தகிரி, ஹெல்மெட் கொடுத்தவரிடம் கேட்டார்: "சார், இங்க எங்க சாப்பாடு நல்லா இருக்கும்?"

"எல்லாமே நல்லா இருக்கும்."

"இல்ல, நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"தலையைக் காட்டுங்க, அளவு பார்க்கணும்."

பூங்காவனத்தைக் கேட்டார். "உங்க இஷ்டங்க," என்றாள். இருபத்திரண்டு வருடமாக அவள் அதைத்தான் சொல்லிவந்தாள். தீர்த்தகிரி அதைத் தன் நல்ல ரசனைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு வாழ்ந்துவந்தார்.

அதற்குள் சண்டை மூண்டுவிட்டது. ஒரு மாடிக் கடையின் அழைப்பான் இன்னொன்றைப் படியில் உருட்டி, உருண்டதன்மேல் ஏறி மிதித்தது. மிதித்ததன் முதுகை மூன்றாவது ஒன்று பிளந்தது. எண்ணெய் தீர்த்தகிரியின் புதுச் சட்டையில் பீய்ச்சியடித்தது. சுற்றியிருந்த பயணிகள் கைதட்டினார்கள். அந்தச் சமயம்தான் சமையலி செண்பகா வந்தது. அதன் பேரிலேயே நடந்தது, அழைப்பான் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன மெஸ். சமையலியே கரண்டியோடு தெருவில் இறங்க வேண்டியிருந்தது. ஒரே வீச்சு. எதிரே நின்ற அழைப்பானின் தலை பறந்து, படியில் தத்தித் தத்தி இறங்கி, கடலில் விழும்வரை "வாங்க வாங்க" என்றது.

"வாங்க அண்ணாச்சி. வாங்க அக்கா. மீன்குழம்பு இருக்கு," என்றது செண்பகா.

வேண்டாம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்?

இப்போது, சாப்பிட்டு, வணக்கம் வைத்து, சங்கும் ஊதிய பிறகு, இடிப்பான் படியேறி வந்தது. இரண்டாள் உயரம், வலது முழங்கைக்குக் கீழே சம்மட்டி, இடது பக்கம் பிடிக்க ஒரு கை. பத்தொன்பது வருடம் சும்மா நின்றதில் மூட்டெல்லாம் துரு.

"விருந்தோம்பல் வாரியம் சார்பில் வணக்கம். வெகுநாள் கழித்து வாய்ப்பளித்தவர் நீங்களா? மிக்க நன்றி," என்று தீர்த்தகிரியிடம் சொல்லிவிட்டு, முன்சுவரை ஒரே அடியில் உள்ளே தள்ளியது.

"ஐயோ, நிறுத்துங்க! அது தப்பா விழுந்துடுச்சு! அஞ்சு, அஞ்சு போட வந்தேன்!"

"போட்ட கையே மாற்றிப் போடலாம். அதே சாப்பாட்டை மறுபடி சாப்பிட வேண்டும். நான்கு சுவரும் விழுவதற்குள். ஒன்று விழுந்துவிட்டது." அது சம்மட்டியை ஓங்கியது. "சமையலியும் கட்டடத்தோடு சேர்ந்ததுதான். கடைசியில் நசுக்கப்படும்."

தீர்த்தகிரி உள்ளே ஓடினார். இடிப்பான் அவரைக் காலரில் தூக்கி, விதிப்புத்தகத்தில் இருந்தபடி மென்மையாக வெளியே வைத்தது. எதிர்க்கடையின் இளநீர்க் குவியல்மேல் வைத்தது. தோளெலும்பு 'டக்'கென்றது. அவர் எழுந்து, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே ஓடினார். பெரிய வீரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தண்ணீர் விநியோக அலுவலகத்தில் வருத்தக் கடிதம் எழுதுவது அவர் வேலை. 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்' என்று இருபத்தாறு வருடம் எழுதி எழுதி, ஊரில் எந்தக் குழாய் வறண்டாலும் அவரே மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

உள்ளே செண்பகா இட்லிக் கொப்பரையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிட அடுப்பில் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தது. இடிப்பான் கொப்பரையை அடித்து நசுக்கியது. செண்பகா கொதிக்கும் எண்ணெயை அதன் முகத்தில் வீசியது. இடிப்பான் செண்பகாவின் இடது கையைப் பற்றி, ஒரு முறுக்கு முறுக்கிப் பிய்த்து எறிந்தது. தரையில் விழுந்த கை, கரண்டியை விடாமல், வெறும் காற்றைக் கிளறிக்கொண்டே கிடந்தது.

இடப்பக்கச் சுவர் விழுந்தது. மனிதர்மேல் ஒரு செங்கல்கூட விழாதபடி இடிப்பதில் அந்த இயந்திரம் கெட்டிதான். பக்கத்தில் விழுந்தது தெறித்தால் அது செங்கலின் பொறுப்பு. அப்படித் தெறித்த ஒன்று ஹெல்மெட்டைப் பிளந்து, தீர்த்தகிரியின் நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகியது.

"என் புருஷன் மேலயா கல்லைப் போடற?" என்று கத்திக்கொண்டு பூங்காவனம் புகுந்தாள். கையில் சாம்பார் வாளி. அதை இரண்டு கையாலும் சுழற்றி இடிப்பானின் முழங்காலில் அறைந்தாள். துருப்பிடித்த இடம். ஒரு கால் மடங்கியது.

"தயவுசெய்து அடிக்காதீர்கள். நான் திருப்பி அடிக்க முடியாது. எனக்குச் சங்கடமாக இருக்கிறது," என்றது அது.

"சங்கடப்படு!" இன்னோர் அறை.

அதற்குள் செண்பகா ஒற்றைக் கையால் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றியது. பெயர்ந்து விழுந்த மெச்சுப்பலகையைத் தீர்த்தகிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விரல் தயாராக இருந்தது.

"நான் தட்டிடறேன் செண்பகா. அஞ்சு!"

"சாப்பிட்டுட்டுத் தட்டுங்க அண்ணாச்சி."

"ஒரு வாய் வெச்சா போதும்ல?" அள்ளி வாயில் போட்டார். கடல்தண்ணீரில் சோப்பைக் கரைத்து, பச்சை மீனை அதில் கொஞ்ச நேரம் நிற்கவைத்ததுபோல இருந்தது. சற்று முன்பும் அப்படித்தான் இருந்தது. "பிரமாதம்!" என்றார். சற்று முன்பும் அப்படித்தான் சொன்னார்.

செண்பகா சண்டையை நிறுத்திவிட்டது. இடிப்பான் அதன் விலாவில் ஒரு குத்து விட்டது. செண்பகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு நாக்கு கிடையாது. தெரியுமா? யார் என்ன தட்டறாங்களோ, அதை வெச்சுத்தான் உப்பு போடறேன். மொத வருஷம் உப்பைக் கூட்டிப் பார்த்தேன், அஞ்சு. குறைச்சேன், அஞ்சு. போடவே இல்ல, அஞ்சு. புளியை நிறுத்தினேன், அஞ்சு. ஒருநாள் பாத்திரம் கழுவற தண்ணியை ஒரு கரண்டி ஊத்தினேன். ஒருத்தர் அழுதுகிட்டே எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்குன்னு சொல்லிட்டுப் போனார். அதனால அதை நிறுத்தாம ஊத்தறேன். பத்தொன்பது வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் ஒண்ணு தட்டினீங்க. வீடு இடியுதேன்னு எனக்கு வருத்தமில்ல. கடைசியா ஒரு மனுஷன் நிஜத்தைச் சொல்லிட்டாரேன்னு..."

தீர்த்தகிரிக்கு முகம் சுண்டிவிட்டது. "அது... நிஜமில்லம்மா. நானும் அஞ்சுதான் தட்ட வந்தேன். உன்னைப் பார்த்ததும் கும்பிட்டேன். நேரம் போயிடுச்சு."

செண்பகாவின் கண் விளக்குகள் தணிந்தன. "அப்போ அதுவும் மரியாதைதானா?"

பின்சுவர் சரிந்தது. தூசிக்குள்ளிருந்து, "மூன்று," என்றது இடிப்பான். இன்னும் ஒரு சுவர். தீர்த்தகிரி விரலைப் பலகைக்கு மேல் கொண்டுபோனார். ஐந்து தட்டினால் செண்பகா பிழைக்கும். பிழைத்து, நாளைக்கும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஊற்றும்.

"உப்பு..." என்றார். "உப்பு ஒரு சின்ன அளவுக்கு..."

"சின்ன அளவுக்கா?"

"அதிகம்! ரொம்ப அதிகம்! வாயில வைக்க முடியல!" இருபத்தாறு வருடத்துக் கடிதங்களும் சேர்ந்து வெளியே வந்ததுபோல இருந்தது. "புளி எங்க? மிளகா எங்க? மீன் வேகவே இல்ல, கண்ணைத் தொறந்து என்னையே பார்க்குது! சோப்பை யாராவது குழம்புல ஊத்துவாங்களா? இது குழம்பே இல்ல!"

"எவ்வளவு புளி?"

"எலுமிச்சங்காய் அளவு!"

செண்பகா பாய்ந்தது. நசுங்கின சட்டியை நிமிர்த்தி, புளியைக் கரைத்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு மீனை உருவி எடுத்தது. இடிப்பான் நொண்டிக்கொண்டு கடைசிச் சுவரை நோக்கி நகர்ந்தது. பூங்காவனம் அதன் காலைக் கட்டிக்கொண்டாள். தரதரவென்று இழுபட்டாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. விடவில்லை. ஒரு நிமிட அடுப்பு ஒரு நிமிடம் எரிந்தது. அவ்வளவு நீளமான நிமிடம் அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பு இருந்ததில்லை.

தீர்த்தகிரி சுடச்சுட அள்ளி வாயில் போட்டார். நாக்கு வெந்தது. மென்றார், யோசித்தார். சம்மட்டி உயர்ந்தது. தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. கையை எடுத்துவிட்டார்.

"மூன்று. நன்றி," என்றது பலகை.

இடிப்பான் அப்படியே நின்றது. ஒன்றென்றால் இடிக்கத் தெரியும். ஐந்தென்றால் திரும்பிப் போகத் தெரியும். மூன்றுக்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. ஓங்கின சம்மட்டியோடு அது யோசிக்கத் தொடங்கியது. இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது, மெஸ்காரர்கள் அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள் என்று கேள்வி.

தெருவில் ஓர் அழைப்பான் இன்னொன்றின் கழுத்தை முறித்துக்கொண்டிருந்தது. 'மூன்று' என்ற சத்தம் கேட்டதும் அது கழுத்தை விட்டுவிட்டது. பயணிகள் ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வந்து, நின்றிருந்த ஒற்றைச் சுவருக்கு முன்னால் வரிசை பிடித்தார்கள். யாரோ ஒருவர் நிஜமாகவே சாப்பிட்டுப் பார்த்த இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

"ஏன் அண்ணாச்சி மூணு?" என்றது செண்பகா. குரலில் வருத்தம் இல்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவர்களின் ஆவல்தான் இருந்தது.

"மீன் இன்னும் ரெண்டு கொதி வேகணும். வெந்தயம் போட மறந்துட்ட." தீர்த்தகிரி நெற்றியை மேல்துண்டால் அமுக்கிக்கொண்டு, இடிபாட்டின்மேல் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசினவருக்கு வரும் மிதப்பு அவருக்கும் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும்மா. எங்க வீட்ல நான்தான் சமையல். கல்யாணமான நாள்லேருந்து. இன்னி வரைக்கும் ஒரு குறை கேட்டதில்ல."

"யார் சொன்னாங்க அண்ணாச்சி?"

"வேற யாரு, இவதான்."

"என்ன சொல்லுவாங்க?"

"நல்லா இருக்குன்னு."

"தினமுமா?"

"தினமும்."

செண்பகா வெங்காயத்தை எடுத்து, ஒற்றைக் கையால் மிக மெதுவாக உரிக்கத் தொடங்கியது.

தீர்த்தகிரி மெல்லத் திரும்பினார். பூங்காவனம் இடிப்பானின் பாதத்தில் உட்கார்ந்து முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பூங்கா," என்றார். "நம்ம வீட்டுச் சாப்பாடு... நிஜமா... எப்படி இருக்கும்?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். கடலைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சகிக்காதுங்க," என்றாள். "இல்லன்னா இந்த அடிதடிக்கு நடுவுல, கடல் தாண்டி, ஒரு வாய் சோத்துக்கு எதுக்கு வந்தோம்னு நெனச்சீங்க?"