சீசர் நடக்கும் பக்கம்

சீசர் மறுபடியும் வலது பக்கம் போய்விட்டது.

சங்கிலி ஹில்டாவின் முழங்காலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, புடவையையும் சேர்த்துச் சுருட்டி இழுத்தது. கேட்டைத் தாண்டித் தெருமுனைகூட வரவில்லை, அதற்குள் இப்படி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள், இந்த ஒரு நாயை இடது பக்கம் நடக்க வைக்க முடியாமல் தினமும் தெருவில் அல்லாடுகிறாள். பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சீசர் அவர்கள் வீட்டில் வளர்ந்த நாய் இல்லை. பின் தெருவில் தனியாக இருந்த ஜெபசீலனுடையது. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜூலை மாதம் மார்வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, பூட்டிய வாசலில் நாய் படுத்திருந்ததைப் பார்த்து ஹில்டாவுக்கு மனசு கேட்கவில்லை. கையோடு கூட்டி வந்துவிட்டாள். பிள்ளை இல்லாத வீடு. சாயங்காலம் கதவைத் திறந்தால் ஓடி வர ஒரு ஜீவன் வந்ததும் அவளுக்கு எவ்வளவோ மாறிப்போனது. இனிமேல் அது இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைய அவளால் ஆகாது.

அந்த மனுஷர் இருந்தவரை சீசரின் நடையைச் சேலையூரே பார்த்திருக்கிறது. பாலிஷ் போட்ட பூட்ஸில் விறைப்பாக அவர் நடப்பார். அவருடைய இடது முழங்காலை ஒட்டியே அதுவும் நடக்கும். முந்தாது, பிந்தாது. அதுதான் ஹில்டாவுக்கு ஆத்திரம். அவருக்கு இடது பக்கம், எனக்கு மட்டும் வலது பக்கமா? நான் என்ன மட்டமா?

கௌரவப் பிரச்சினை மட்டும் என்றால் விட்டுத் தொலைத்திருப்பாள். கேம்ப் ரோட்டில் இடது ஓரமாக நடக்கும்போது வலது பக்கம் என்றால் பஸ் போகிற பக்கம். போன வாரம் ஒரு தண்ணீர் லாரி நாயின் வாலை உரசாத குறையாகப் போயிற்று. பின்னால் ஸ்கூட்டரில் வந்த அவள் கணவன் தயாளன் அதைப் பார்த்துவிட்டான்.

"இதோ பாரு ஹில்டா, இன்னொரு தடவ இது வண்டிக்குக் குறுக்க போச்சுன்னா, முடிச்சூர்ல சேட்டு தோட்டத்துல கொண்டு போய்க் கட்டிடுவேன். உன்னையும் சேத்து இழுத்துட்டுப் போய் லாரிக்கு அடியில தள்ளிடும்."

"பழகிடும்ங்க. கொஞ்சம் டைம் குடுங்க."

"நாலு மாசமா இதையேதான் சொல்றே."

பிஸ்கட் கொடுத்துப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் குட்டைச் சங்கிலியாக ஒன்று வாங்கிப் பார்த்தாள். சீசர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, அதட்டலுக்குக் காதை மடக்கிவிட்டு, சாவகாசமாக அவள் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கமே போய்ச் சேர்ந்தது. அதைவிட எரிச்சல், அது அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவள் நிற்காதபோது தானாக நிற்கும். தலையைத் தூக்கி, இன்னும் வலது பக்கமாக, ஒன்றுமே இல்லாத இடத்தில் கொஞ்சம் உயரத்தில் பார்க்கும். பிறகு நடக்கும்.

முனையில் இஸ்திரி வண்டிக்காரி கன்னியம்மா பெட்டியிலிருந்து சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்த ஈரக் காற்றில் கரிப் புகை மேலே போகாமல் தெருவிலேயே படர்ந்து கிடந்தது.

"இன்னா டீச்சர், இன்னிக்கும் பேஜார் பண்ணுதா?"

"சொன்ன பேச்சு கேட்டாத்தானே?"

"அது கெடக்கட்டும். ரோடு இம்மாம் அகலம் கீது, நீ இன்னாத்துக்கு டெய்லி கால்வாயாண்ட ஒதுங்கி ஒதுங்கி நடக்கற? வியுந்து கியுந்து வெக்கப் போற."

ஹில்டா குனிந்து பார்த்தாள். செருப்பு விளிம்பு சாக்கடைக் கல்லின் மேல் இருந்தது. நாய் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. நாயின் அந்தப் பக்கம் சாலை அகலமாக, யாரும் இல்லாமல் கிடந்தது. அவளுக்கு அழுகையே வரும் போலிருந்தது. போதும். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கேம்ப் ரோட்டுக்குப் போகாமல் காலனியின் உள் தெருவுக்குள் திரும்பினாள். அந்தத் தெருவின் இடது பக்கம் நெடுக ஒரு மதில். மதிலுக்கும் தன் காலுக்கும் நடுவில் நாயை நெருக்கிப் பிடித்தால் எப்படிச் சுற்றி வரும்?

சீசர் முரண்டு பிடித்தது. நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு முனகியது. அவள் சங்கிலியை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து, மதிலோடு சேர்த்துத் தள்ளி, முழங்காலால் அணை கட்டினாள். "லெஃப்ட்! லெஃப்ட்டுன்னா லெஃப்ட்டு!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. கார்த்திகை மாசத்து இருட்டு, ஏழு மணிக்கே அடர்த்தியாக இறங்கியிருந்தது. மதிலின் பாசி வாடையும், யார் வீட்டிலோ மீன் வறுக்கிற வாடையும், காலி மனைகளில் தேங்கிய தண்ணீரில் தவளைகள் விடாமல் கத்துவதும், தூரத்தில் தாம்பரம் ஸ்டேஷனில் கிளம்பும் மின்சார ரயிலின் ஊதலும், எல்லாம் வெளிச்சம் போனதும் ஒரு படி கிட்டே வந்துவிட்டன.

நாய் நடந்தது. இடது பக்கம். அவள் முழங்காலை ஒட்டி.

"அப்படித்தான்டா என் ராஜா!" இப்போதே தயாளனிடம் காட்ட வேண்டும். இனி எந்தத் தோட்டத்துக்கும் போக வேண்டாம். குனிந்து முதுகைத் தடவினாள். சீசரின் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்தச் சத்தம் காதில் பட்டது. ஈரத் தாரில் லாடம் அடித்த பூட்ஸ் போல ஒன்று, அவசரமில்லாமல், ஒரே சீராக. முன்னால் இல்லை, பின்னால் இல்லை. அவள் அடி வைக்கும்போது வைத்தது. எதிரொலி என்று நினைத்தாள். அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருட்டு. எதிர் வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். அந்த வெளிச்சம் ஒரு கணம் மறைந்து, மறுபடி தெரிந்தது. நடுவில் யாரும் போகவில்லை. ஷூ பாலிஷ் வாடை அடித்தது. அவளுடைய வலது தோளருகே, ஒரு ஆள் உரசிக்கொண்டு நடந்தால் எப்படியோ, அப்படி ஒரு நெருக்கம்.

அப்போது அவளுக்கு விளங்கியது. சீசர் ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. இந்த நாலு மாதமும் அது ஒழுங்காக இடது பக்கம்தான் நடந்தது. அவளுக்கு இடது பக்கம் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கும் அந்த இன்னொருவருக்கும் நடுவில், தன் இடத்தில், அது நடந்தது.

அந்த இடத்திலிருந்து அதை அவளே இழுத்து எடுத்துவிட்டாள்.

இடம் காலியாக இல்லை. அங்கே இப்போது அவள்.

"சீசர், வாடா. இந்தப் பக்கம் வா." மணிக்கட்டுச் சுற்றை அவிழ்த்து, நாயை வலது பக்கம் கொண்டுவர இழுத்தாள். சீசர் ஒரே உதறலில் விடுவித்துக்கொண்டது. சங்கிலி தாரில் உரசிக்கொண்டே வீட்டுத் திசையில் ஓடித் தேய்ந்தது.

அவளும் ஓட நினைத்தாள். கால்கள் ஓடவில்லை. நடந்தன. பூட்ஸ் வைத்த அடிக்கு ஓர் அடி. முந்தவில்லை. பிந்தவில்லை.

பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே. அதற்கு மேல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம்.

தெரு திரும்பியது. அவளும் திரும்பினாள். வீட்டு கேட் தெரிந்தது. கேட்டருகே தயாளன் அரிக்கேன் விளக்கோடு நின்றான். அவன் காலடியில் சீசர் குறுகி ஒடுங்கிப் படுத்திருந்தது. குரைக்கவில்லை.

"எங்கம்மா போயிட்டே? நாய் மட்டும் தனியா ஓடி வருது?"

கை எட்டும் தூரம். அவன் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. முகம் வலது பக்கம் அண்ணாந்தே இருந்தது.

"ஹில்டா! வீடு இங்க இருக்கு. எங்க போறே?"

கேட் பின்னால் போயிற்று. விளக்கு வெளிச்சம் பின்னால் போயிற்று. தயாளன் ஓடி வருகிற சத்தம். பிறகு அது நின்றது. அவன் எதைப் பார்த்து நின்றானோ, அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

முனையில் பூட்ஸ் நின்றது. அவளும் நின்றாள்.

அவள் தலைமேல் ஒரு கை விழுந்தது. கனமான, குளிர்ந்த கை. இரண்டு காதுகளுக்கும் நடுவில் மெல்லத் தடவிக் கொடுத்தது.